எட்டு மாதக் கதவு: ஜேர்மன் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பூண்டஸ்டாக் உறுப்பினர்களே,

நான் ரூர் பகுதியில் வாழும் தமிழன். என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தண்ணீர் இறைக்கும் நிலையம் ஒன்று வரும். செங்கல் கட்டடம், இரும்பு வேலி, உள்ளே இரவு பகலாக மோட்டார் உறுமல். நிலக்கரி தோண்டித் தோண்டி இங்கே சில இடங்களில் நிலம் 20 மீற்றருக்கும் மேல் இறங்கிவிட்டது. மோட்டார்கள் நின்றால் பள்ளமான பகுதிகளெல்லாம் குளமாகிவிடும். அந்த வேலியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு முன்னாள் பொருளாதார அமைச்சர் வெர்னர் முல்லர் நினைவுக்கு வருவார். 2019இல் காலமான அவருடைய கதையைச் சொல்லித்தான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

1946இல் எஸ்ஸனில் பிறந்தவர். மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆனால் வேலை பார்த்ததெல்லாம் மின்சார நிறுவனங்களில்: முதலில் ஆர்.டபிள்யூ.ஈ., பிறகு வேபா. 1998இல் சான்சலரான (அரசுத் தலைவரான) கெர்ஹார்ட் ஷ்ரோடர் பொருளாதார அமைச்சராக்க நினைத்த கணினித் தொழிலதிபர் யோஸ்ட் ஸ்டோல்மன் கடைசி நேரத்தில் விலகிக்கொள்ள, அந்த நாற்காலி எந்தக் கட்சியிலும் இல்லாத முல்லருக்கு வந்தது.

அவர் மோசமான அமைச்சர் இல்லை. 2000 ஜூனில் அணுமின் நிலையங்களை மூடுவதற்கு மின்சார நிறுவனங்களோடு உடன்பாடு கண்ட அரசில், அந்தத் துறையை உள்ளேயிருந்து அறிந்தவர் அவர்தான். ஒரு உலையின் உண்மையான கணக்கு என்ன, எந்த மிரட்டல் வெறும் மிரட்டல் என்று அவருக்குத் தெரியும். நிறுவனத்திலிருந்து வருபவர்கள் அரசியலுக்கு வேண்டாம் என்று சொல்ல நான் இந்த மடலை எழுதவில்லை.

சிக்கல் 2002இல் வந்தது. வேபா அதற்குள் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து ஈ.ஓன் ஆகியிருந்தது. நாட்டின் மிகப் பெரிய எரிவாயு நிறுவனமான ரூர்காஸை ஈ.ஓன் வாங்க நினைத்தது. போட்டிச் சட்டத்தைக் கவனிக்கும் அலுவலகம் தடுத்தது. ஏகபோகம் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் ஆணையமும் வேண்டாம் என்றது. தடையை மீறி அமைச்சர் கொடுக்கக்கூடிய விசேஷ அனுமதி மட்டுமே மிச்சம். முல்லர், தன் பழைய நிறுவனம் என்பதால், ஒதுங்கிக்கொண்டார். சரியான செயல்தான். ஆனால் முடிவெடுத்தவர் யார்? அவருக்குக் கீழே இருந்த அரசுச் செயலாளர் அல்பிரட் டாக்க. 2002 ஜூலையில் அனுமதி கொடுத்தார். அதே ஜூலையில்தான் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் கும்பாபிஷேகம். தமிழ்ச் சனமெல்லாம் அங்கே கூடியிருந்த நாட்களில் இது எங்கள் காதில் விழவேயில்லை. நானும் பல வருடங்களுக்குப் பிறகுதான் வாசித்துத் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். நிலக்கரி நிறுவனமான ஆர்.ஏ.ஜி. தன்னிடம் இருந்த ரூர்காஸ் பங்குகளை ஈ.ஓனுக்குக் கொடுத்தது. பதிலுக்கு ஈ.ஓனிடம் இருந்த டெகுசா என்ற இரசாயன நிறுவனம் ஆர்.ஏ.ஜி.க்கு வந்தது. 2002 ஒக்டோபரில் அமைச்சுப் பதவியை விட்ட முல்லர், 2003 ஜூனில் அதே ஆர்.ஏ.ஜி.யின் தலைவரானார். எட்டு மாதம்கூட ஆகவில்லை. அனுமதியில் கையெழுத்திட்ட டாக்க 2004இல் ஆர்.ஏ.ஜி.யின் துணை நிறுவனமான ஸ்டேயாக்கின் தலைவரானார். எந்தச் சட்டமும் அன்றைக்கு இவர்களைத் தடுக்கவில்லை. இவர்கள் பணம் வாங்கினார்கள் என்றும் நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அந்த டெகுசாவே பிறகு எவோனிக் ஆனது. எவோனிக் பங்குகளைத்தான் 2007இல் உருவான ஆர்.ஏ.ஜி. அறக்கட்டளை தன் மூலதனமாக வைத்திருக்கிறது. அறக்கட்டளை அமைக்கும் யோசனையின் மூளை முல்லர். 2012இலிருந்து 2018 வரை அதன் தலைவரும் அவர்தான். 2018 டிசம்பர் 21 அன்று பொட்றோப்பில் கடைசி நிலக்கரித் துண்டைத் தொழிலாளர்கள் ஜனாதிபதி ஸ்டைன்மையர் கையில் கொடுத்தபோது தொலைக்காட்சி முன்னால் இருந்து அழுதேன். அடுத்த வருடத்திலிருந்து, தண்ணீர் இறைக்கிற முடிவே இல்லாத செலவை, வருடத்துக்கு 20 கோடி யூரோவுக்கும் மேல், அந்த அறக்கட்டளை தாங்குகிறது. என் வீதி நனையாமல் இருப்பதற்கு அவருக்கு நன்றி சொல்கிறேன். மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் ரூர்காஸின் எரிவாயு வியாபாரம் போய்ச் சேர்ந்த இடம் ஊனிப்பர் நிறுவனம். ரஷ்ய எரிவாயு நின்றதும் அது விழுந்தது. 2022 டிசம்பரில் அரசே அதை வாங்க வேண்டியதாயிற்று. நாட்டின் எரிவாயுப் பாதுகாப்புக்கு நல்லது என்று சொல்லித்தான் 2002இல் அனுமதி கொடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் என் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் செய்தார்கள். போட்டி அலுவலகத்தின் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று யாராலும் நிரூபிக்க முடியாது. அந்த முடிவை எடுத்தவர்கள் பிறகு எங்கே போய் உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அந்த முடிவை இன்றுவரை முழுமனதோடு நம்ப முடியவில்லை.

2015இல் நீங்கள் ஒரு சட்டம் கொண்டுவந்தீர்கள். பதவி விலகும் அமைச்சரின் புதிய வேலையை அரசு வழக்கமாக ஒரு வருடம் வரை, கடுமையான சந்தர்ப்பத்தில் 18 மாதம் வரை தடுக்கலாம். தடுக்கலாம், அவ்வளவுதான், தடுக்க வேண்டும் என்று இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணையர்களுக்கே இரண்டு வருடம், ஆணையத் தலைவருக்கு மூன்று வருடம் காத்திருப்பு இருக்கிறது.

இப்போது ஏன் எழுதுகிறேன்? 2025 மே மாதம் அமைந்த அரசில் கணினிமய அமைச்சர் கார்ஸ்டன் வில்ட்பெர்கர், மின்னணுப் பொருள் விற்கும் மீடியாமார்க்ட் கடைகளை நடத்தும் நிறுவனத்தின் தலைவராக இருந்து வந்தவர். பொருளாதார அமைச்சர் கத்தரீனா ரைஷ, எஸ்ஸனில் இருக்கும் ஈ.ஓனின் துணை நிறுவனமான, மின்கம்பி வலையமைப்பு நடத்தும் வெஸ்ட்எனர்கியின் தலைவராக இருந்து வந்தவர். அப்படிப்பட்ட வலையமைப்புகளைக் கண்காணிக்கும் அலுவலகம் அவருடைய அமைச்சின் கீழேதான் இருக்கிறது. இருவர் மீதும் எனக்குக் குற்றச்சாட்டு கிடையாது. திறமையானவர்களாகவே வரட்டும்.

உள்ளே வரும் நாளிலேயே, எந்தக் கோப்புகளைத் தொடமாட்டார்கள், அவற்றை யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில், எல்லோரும் வாசிக்கும்படி அறிவிக்க வேண்டும் என்று சட்டம் செய்யுங்கள். ஒதுங்கிய அமைச்சருக்குப் பதிலாகக் கையெழுத்திடுபவர் அந்த அமைச்சருக்குக் கீழே வேலை பார்ப்பவராக இருக்கக் கூடாது. வெளியே போகும்போது காத்திருப்பு மூன்று வருடம் ஆகட்டும். அது பதிலுக்குக் கையெழுத்திட்டவருக்கும் பொருந்தட்டும். டாக்கவின் கதையில் எல்லோரும் முல்லரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேனா இருந்தது டாக்கவின் கையில்.

இப்படிக்கு,
ரூர் பகுதியில் வாழும் ஒரு தமிழன்