ஏற்காட்டு பங்களாக்காரர்களுக்கு: உங்கள் நாயைப் பற்றி

ஐயா, அம்மா, வணக்கம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி வருகிறீர்கள். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுகிறீர்கள். நாய் மட்டும் இங்கேயே நிற்கிறது. கொஞ்ச நேரம் கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அப்புறம் வாட்ச்மேன் வீட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொள்ளும். சோறு அங்கேதானே.

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்று இந்த மலை கிராமங்களில் நடந்த கால்கள். ஓய்வுக்குப் பிறகு யாராவது, "வந்து நாயைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று கூப்பிட்டால் போவேன். அப்படிப் போன ஒரு வீட்டுக் கதையைச் சொன்னால்தான் இந்த மடல் எதற்கு என்று புரியும்.

அந்த பங்களாக்காரர் நாய் மேல் உயிரையே வைத்திருப்பவர். சேலத்தில் ரேபிஸ் தடுப்பூசி மருந்தை வாங்கி, ஐஸ் கட்டி போட்ட டப்பாவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஃப்ரிட்ஜில் பத்திரமாக வைத்தார். புதன்கிழமை டாக்டர் வருவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது எப்போதும் போல மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை நான் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது குப்பென்று புளித்த வாசம். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சாமான். மூன்று நாள் சும்மா கிடந்திருக்கிறது. வாட்ச்மேன் கையைப் பிசைந்துகொண்டு, "சார் மெயினை அணைச்சுட்டுத்தாங்க எப்பவும் போவாரு. உள்ள ஊசி இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களே" என்றார். அவர் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்த நாயோடுதான் நாள் முழுக்க உருண்டு புரளுகிறார்கள். வாசம் வராமல் இருந்திருந்தால் அந்த மருந்தையே போட்டு, அட்டையில் தேதியும் எழுதியிருப்போம். எல்லாரும் நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாய் உங்களுடையதாக இருக்கட்டும். ஆனால் வாரத்தில் ஐந்து நாள் அதை வளர்ப்பவர் வாட்ச்மேனும் அவர் சம்சாரமும். ஊசி அட்டை, மருந்து, டாக்டர் நம்பர், கையில் கொஞ்சம் பணம், இதெல்லாம் அவர்களிடம் இருக்க வேண்டும். முக்கியமாக, உங்களைக் கேட்காமலே டாக்டரைக் கூப்பிடும் அதிகாரம். இப்போது அட்டை உங்கள் பெங்களூர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நாய் சாப்பிடவில்லை என்று வாட்ச்மேன் போன் செய்தால் நீங்கள் மீட்டிங்கில் இருக்கிறீர்கள். சாயங்காலம் திருப்பிக் கூப்பிட்டு, "சனிக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்கிறீர்கள். சனிக்கிழமை வரை தாங்காத நோய்கள் நாய்க்கு நிறைய.

குட்டியிலிருந்தே சொல்கிறேன். 45 நாள் குட்டியை வாங்கின கையோடு மலைக்குக் கொண்டுவந்து விடாதீர்கள். எட்டு வாரமாவது தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் இருந்த குட்டிதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று விளையாட்டிலேயே கற்றுக்கொள்ளும். குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய்களான பார்வோ, டிஸ்டெம்பருக்கான கூட்டு ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் ஊசியோடு, "போட்டாச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். பார்வோ வந்த குட்டி ரத்தமாகக் கழிந்து, இரண்டு மூன்று நாளில் போய்விடும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில் ஒன்று, ஒரு வருஷம் கழித்து ஒன்று, பிறகு டாக்டர் அட்டையில் எழுதும் தேதிப்படி. எஸ்டேட் பக்கம் எலி அதிகம், மழையும் அதிகம் என்பதால் எலி மூத்திரத்தில் பரவும் லெப்டோவுக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அது மனிதருக்கும் தொற்றும்.

இனி உண்ணி. இந்த மலையில் நான் பார்த்தவரை நாய்களைச் சத்தமில்லாமல் கொல்வது இதுதான். காப்பிச் செடிக்கு நடுவே, சில்வர் ஓக் நிழலில், புல்லில் என்று நாய் சுற்றும். உண்ணி அதன் காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உண்ணி ரத்தம் குடிப்பது பெரிய விஷயமில்லை. அது உள்ளே விட்டுப்போகும் கிருமிதான் பெரிய விஷயம். நாய் இரண்டு நாள் சாப்பிடாது, சோர்ந்து படுத்திருக்கும். ஈறு சிவப்பு மாறி வெளுக்கும். வயிற்றுத் தோலில் சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரியும். சில நாய்க்கு மூக்கில் ரத்தம் வரும். மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கீழே கொண்டுபோக வேண்டும்.

வைத்தியம் இருக்கிறது, பிழைக்கவும் செய்யும். ஆனால் எர்லிச்சியா என்ற உண்ணிக் கிருமி என்று தெரிந்தால் டாக்டர் வழக்கமாக 28 நாள் மாத்திரை எழுதுவார். நான்காம் நாள் நாய் எழுந்து வாலாட்டிச் சாப்பிட ஆரம்பித்ததும் இங்கே மாத்திரை நின்றுவிடுகிறது. வாட்ச்மேனைக் குறை சொல்ல மாட்டேன். 28 நாள் எதற்கு என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. சீட்டை வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்புகிறார்கள், நீங்கள் ஒரு கட்டை விரலைப் போடுகிறீர்கள், அதோடு சரி.

உண்ணியைப் பிடுங்க இடுக்கி போதும். தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். விரலால் நசுக்கக்கூடாது. மண்ணெண்ணெய் தடவுவது, மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை மூடியில் ஊற்றி அப்படியே நாய் முதுகில் விடுவது, இரண்டும் வேண்டாம். அளவு தெரியாமல் ஊற்றி, நாய் வாயில் நுரை தள்ளி வெட்டி வெட்டி இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் தாங்கும் மாத்திரை இப்போது வந்திருக்கிறது. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் தூரத்தில் இருப்பவர்களுக்கு இதைவிடத் தோதானது இல்லை. நாயை எடை போட்டு, டாக்டரிடம் கேட்டு வாங்கி, நீங்களே ஒரு சனிக்கிழமை உங்கள் கையால் கொடுத்துவிட்டுப் போகலாம். குடற்புழு மாத்திரையையும் அதே மூன்று மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போங்கள். நாயைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் அடிக்குது" என்பார்கள். நாய்க்கு எப்போதுமே நம்மைவிடச் சூடு அதிகம். 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை அதற்குச் சாதாரணம். தொட்டுப் பார்த்த கையோடு நமக்கு வைத்திருக்கும் மாத்திரையில் ஒன்றைச் சோற்றில் பிசைந்து கொடுப்பதுதான் ஆபத்து. இபுப்ரோஃபென் நாய் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் நாமாகக் கொடுக்கக்கூடாது.

சாப்பாட்டில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சோறு, முட்டை, வேகவைத்த எலும்பில்லாத கறி, கொஞ்சம் காய் போதும். உங்கள் சனிக்கிழமை விருந்தின் மிச்சம்தான் ஞாயிறு முழுக்க அதற்குப் போகிறது. மசாலா, வெங்காயம், வெந்த கோழி எலும்பு எல்லாம் அதில். வெந்த எலும்பு குத்தூசி மாதிரி உடையும். மாம்பழக் காலத்தில் சேலத்திலிருந்து கூடை கூடையாக ஏற்றி வருகிறீர்கள். கொட்டையைத் தோட்டத்தில் வீசாதீர்கள். நாய் அதை முழுசாக விழுங்கும், குடலில் போய் அடைத்துக்கொள்ளும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மல்கோவாவுக்கு நாய் கொடுக்கும் விலை அது. காப்பி அறுவடை நடக்கும் மாதங்களில் பழத்தோல் குழிக்குப் பக்கம் நாயை விடக்கூடாது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவையுங்கள். இனிப்பு வாசத்துக்குப் போய் மேயும். நமக்கு உற்சாகம் தரும் கஃபைன் அதற்கு விஷம். படபடப்பு, நடுக்கம், வாந்தி என்று போகும். ஸ்டோர் ரூமில் வைக்கும் எலி மருந்தும் அப்படித்தான். பல வகை மருந்துகள் தின்ற அன்றைக்கு ஒன்றும் காட்டாது. சில நாள் கழித்துத்தான் ரத்தம் உறையாமல் கசியும். தின்றது தெரிந்தால் மருந்துப் பொட்டலத்தோடு டாக்டரிடம் ஓட வேண்டும்.

சங்கிலிக்கு வருகிறேன். காவலுக்கு நாய் என்றால் கடிக்கிற நாய்தான் என்று உங்களில் பலருக்கு ஒரு நினைப்பு. ஒருவர் என்னிடம், "பச்சை மிளகாய் கொடுத்தால் ரோஷம் வருமாமே?" என்று கேட்டார். வயிற்றுப்போக்கு வரும் என்றேன். பகல் முழுக்க கேட்டருகில் நான்கு அடிச் சங்கிலியில் கட்டிய நாய் காவல் காப்பதில்லை. அது பயந்துபோயிருக்கிறது. ஓட வழியில்லாததால் எதிரில் வருபவர் மேலெல்லாம் பாய்கிறது. ஒருநாள் சங்கிலி அறுந்தால் அது திருடனைத் தேடிப் போகாது. பால்காரரை, காப்பி பறிக்க வரும் அம்மாவை, வாட்ச்மேன் பிள்ளையைக் கடிக்கும். வேலி போட்ட இடத்தில் அவிழ்த்து விடுங்கள். காலையும் மாலையும் வாட்ச்மேன் அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப் போகட்டும். அதற்கென்று சம்பளத்தில் தனியாக ஏதாவது சேர்த்துக் கொடுங்கள், சும்மா ஏவாதீர்கள். வந்தவரைப் பார்த்துக் குரைப்பதுதான் நாயின் வேலை. மிச்சம் வாட்ச்மேன் வேலை.

நாய் கடிக்கும் முன் சொல்லும். வெறுமனே கொட்டாவி விடும், மூக்கை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண் ஓரத்தில் வெள்ளை தெரியப் பார்க்கும், உடம்பு கட்டை மாதிரி விறைக்கும். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமியதற்கு அடி வாங்கின நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். சாப்பிடும்போதும், குட்டி போட்டிருக்கும்போதும் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். உங்களோடு வரும் விருந்தாளிப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சனிக்கிழமை கூட்டத்தில் முகம் தெரியாத பத்துப் பேர் தடவும்போது நாய் படும் பாட்டை ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

கடித்துவிட்டால்? சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்து 15. காப்பி விளையும் ஊர் என்பதால் இங்கே எந்தக் காயத்துக்கும் காப்பித்தூளை அப்புவார்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எதுவும் வேண்டாம். கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று வயசானவர்கள் இன்னும் பயமுறுத்துவார்கள். அந்தக் காலம் போய் 20 வருஷம் ஆகிறது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். முதல் நாள், அப்புறம் 3, 7, 28 என்று நாள் கணக்கு. தோல் கிழிந்து ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும், அதைக் கேட்டு வாங்க வேண்டும். "நம்ம நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே" என்று விடக்கூடாது. ஃப்ரிட்ஜ் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்ற எந்த டாக்டராலும் முடியாது. வாட்ச்மேன் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ஒருநாள் கூலி போகும், ஜீப்புக் காசு ஆகும். அதை நீங்கள் தரவேண்டும். பிறகு என்று சொல்லாமல் அன்றைக்கே.

மலை குளிர்தானே என்று ஹஸ்கியும் செயின்ட் பெர்னார்டும் வாங்கிவந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரலில் அதைக் கீழே சேலத்து வீட்டுக்கு இறக்காதீர்கள். சுமார் 5,000 அடி உயரத்தில் வளர்ந்த நாய் 40 டிகிரி வெயிலில் மூச்சு வாங்கியே சுருண்டுவிடும். இறக்கித்தான் ஆகவேண்டுமென்றால் விடியற்காலையில். வழியில் டீ குடிக்கப் போகும்போது காருக்குள் பூட்டி வைக்கவே கூடாது. நாக்கு தொங்கி, எச்சில் வழிந்து தள்ளாடினால் நிழலில் போட்டு உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, காற்று படவைத்து, டாக்டரிடம் ஓடுங்கள். என்னைக் கேட்டால் ராஜபாளையமும் கோம்பையும் விட்டு நம் நாட்டில் வேறு எதையும் வாங்கத் தேவையில்லை. அதைவிட நல்லது, பக்கத்து மலை கிராமத்தில் குட்டி போட்டிருக்கும் சாதாரண நாட்டு நாய். ஆனால் என்னை யார் கேட்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை வரும்போது ஊசி அட்டையை எடுத்து வந்து வாட்ச்மேன் வீட்டு அலமாரியில் வையுங்கள். சேலத்தில் ராத்திரியிலும் போன் எடுக்கும் ஒரு டாக்டர் நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். போக வர வண்டிக்கும் பரிசோதனைக்கும் ஆகிற பணத்தை ஒரு டப்பாவில் போட்டு அவர் சம்சாரத்திடம் கொடுத்து, "கணக்கு கேட்க மாட்டேன், தேவைப்பட்டா எடுத்துக்குங்க" என்று சொல்லுங்கள். ஊசி மருந்தை இனி நீங்கள் வாங்கி வரவேண்டாம். டாக்டரையே கொண்டுவரச் சொல்லுங்கள். மெயினை வழக்கம் போல அணைத்துவிட்டே போகலாம்.

இப்படிக்கு,
நாகலூர் சாலையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்