மார்செய்யிலிருந்து வாப்பாவுக்கு

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமாக இருக்கிறேன். இங்கே மிஸ்ட்ரால் காற்று தொடங்கிவிட்டது. வெயில் பளீரென்று அடிக்கும், காதோ விறைத்துப்போகும். நோவாய் சந்தையில் ஹலால் கறிக்குப் பஞ்சமில்லை. கறிவேப்பிலைக்குத்தான் அலைச்சல் என்று உம்மாவிடம் சொல்லுங்கள்.

ஆர்க்கிடெக்ட் படிப்பை முடித்துவிட்டுத் தகட்டில் என்ன கிறுக்கல் என்று போனில் கேட்டீர்களே, ஆபீஸ் வேலையை நான் விடவில்லை. எச்சிங் சனிக்கிழமை மட்டும்தான். செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, ஃபெரிக் குளோரைடில் போடுவோம். கீறிய இடத்தை மட்டும் அது அரிக்கும். அதிக நேரம் கிடந்த கோடு கருப்பாக விழும். மை தடவித் துடைத்து, ஈரக் காகிதம் வைத்து பிரஸ்ஸில் உருட்டினால் படம் இடவலம் மாறி வரும்.

இத்துடன் இருப்பது கெய்ரோவின் சுல்தான் ஹசன் பள்ளிவாசல். 1356இல் தொடங்கிய வேலை. தொழும் திசையான கிப்லாப் பக்கத்து வளைவில் குர்ஆனின் சூரத்துல் ஃபத்ஹ், கூஃபி என்ற பழைய அரபி எழுத்தில் ஓடுகிறது. அது காகிதத்தில் நேராக வர, தகட்டில் திருப்பிக் கீற வேண்டும். வாய்க்குள் ஓதிக்கொண்டேதான் கீறினேன்.

அளவுகள் பாஸ்கால் கோஸ்த் எடுத்தவை. 1787இல் இதே ஊரில் பிறந்த ஆர்க்கிடெக்ட். எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷாவிடம் வேலை பார்த்தார். புதுப் பள்ளிவாசலுக்கு பிளான் கேட்ட பாஷா, பழையவற்றை உள்ளே போய் அளக்கவும் அனுமதி கொடுத்தார். அந்த பிளான் கட்டடமாகவில்லை. ஆனால் அளந்ததெல்லாம் 1837-39இல் அச்சுப் புத்தகமாக வந்தது. அக்காலத்தில் கிழக்கே போன பலர் ஒட்டகத்தையும் பேரீச்சை மரத்தையும் வரைந்துவிட்டுத் திரும்பினார்கள். இவர் குறுக்குவெட்டுப் படம் போட்டார். சுவர் எவ்வளவு கனம், வளைவு எதன்மேல் உட்காருகிறது என்று பார்த்தாலே தெரியும். எனக்கு அதுதான் வேண்டும். நீங்கள் சாரத்தில் நின்று சுவரைத் தட்டிப் பார்ப்பீர்களே, இந்தக் கீறலும் அப்படித்தான்.

வாசல் முகப்பைப் பாருங்கள், மற்றச் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் திரும்பி நிற்கும். என் கை கோணவில்லை, கட்டடமே அப்படி! அதன் மேலிருந்த மினாரா 1361இல் சரிந்து நிறையப் பேர் மௌத்தானார்கள். அஸ்திவாரம் சரியில்லையா, கீழே வாசல் அதைத் தாங்கவில்லையா? மேஸ்திரியாக உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று சொல்லுங்கள்.

ராத்தா மகளின் பள்ளிக் கட்டணம் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். படத்தை மடிக்காமல் வையுங்கள்.

உங்கள் அன்பு மகள்