தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட மிஸ்ஸிக்கு (தாதியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்)

பினாங்கில் அப்பா தொண்டையில் சுவாசக் குழாயோடு கிடந்தபோது, “மயக்கத்தில் இருப்பவருக்கு வலியா தெரியப்போகிறது?” என்று சித்தப்பா அம்மாவைத் தேற்றினார். நீங்கள் விடவில்லை. “அங்கிள், தூங்க வைக்கும் மருந்து வேறு, வலி மருந்து வேறு” என்றீர்கள். சித்தப்பாவை ஒரே வரியில் அடக்கிய முதல் ஆள் நீங்கள்தான்.

அப்பாவின் முழங்கையை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தீர்கள். கை விறைத்து எதிர்த்தது, புருவமும் சுருங்கியது. பேச முடியாதவரின் வலியை முகம், உடல் அசைவு, தசை இறுக்கம், சுவாசக் கருவியோடு ஒத்துப்போவது ஆகிய நான்கையும் பார்த்து அளப்பதாகச் சொன்னீர்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 8-இல் 3-ஐ எட்டினாலே வலி இருக்கலாம். நானோ திரையில் ஓடும் இதயத்துடிப்பையே வெறித்துக்கொண்டிருந்தேன். அது காய்ச்சலிலும் ஏறும், அதை மட்டும் நம்பக்கூடாது என்றீர்கள்.

புரட்டிப் படுக்க வைப்பதற்கு முன்பே வலி மருந்து கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தீர்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகே தோளைத் தொட்டீர்கள். ஒவ்வொரு முறையும் “அப்பா, இப்போது திருப்பப் போகிறேன்” என்று காதருகே சொல்லிவிட்டுத்தான்.

அங்கிக்குள் மறைந்த பெயர் அட்டையை நான் படிக்கவே இல்லை. அப்பா வீட்டில் இருக்கிறார். கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை போடுகிறார். மிக்க நன்றி, மிஸ்ஸி.