ஞாயிறு கூட்டம்: ஆல்ட்ரேஷனை (குறையுள்ள பீஸைப் பிரித்துத் திரும்பத் தைப்பதை) குறைக்க

திருப்பூர் பவர்டேபிள் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்) நண்பர்களுக்கு வணக்கம்.

ஜூன் 14, ஞாயிறு காலை 10 மணி, வழக்கமான ஹால். குறையை லைனிலேயே பிடிப்பது எப்படி என்று பேசுகிறோம். கடைசி செக்கிங்கில் தெரிவதற்குள் பாதி லாட் தைத்து முடிந்துவிடுகிறது. அப்புறம் பிரித்துத் தைக்கும் கூலி யார் தலையில்?

பையர்கள் பெரும்பாலும் கேட்பது ஏக்யூஎல் 2.5 (ஒரு லாட்டில் எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவுகோல்). வழக்கமான சோதனை நிலையான லெவல் 2-ல் 2,000 பீஸ் லாட்டுக்கு 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். குறை 7 வரை பாஸ். 8 வந்தால் மொத்த லாட்டும் ஃபெயில்.

செய்ய வேண்டியவை:

1. இந்த வாரம் தினமும் ஒரு லைனில் 100 பீஸுக்கு எத்தனை குறை என்று எழுதி வாருங்கள். எந்த இடத்தில் என்பதும் வேண்டும்: கழுத்து ரிப்பில் அலையா, தோள் ஓவர்லாக்கில் தையல் விட்டதா, பிளாட்லாக்கில் ஸ்கிப்பா (தையல் தாண்டியதா). “நிறைய வருதுங்க” என்று சொன்னால் பேச ஒன்றுமில்லை.
2. ஆல்ட்ரேஷன் பீஸ் இரண்டு, பையர் லேபிளை வெட்டிவிட்டுக் கொண்டு வாருங்கள்.
3. ஊசி உடைந்த பதிவேடும் கொண்டு வாருங்கள். உடைந்த ஊசித் துண்டுகளை அதில் ஒட்டி வைக்காதவர்கள் இன்றே ஆரம்பியுங்கள். குழந்தைகள் உடை ஆர்டர் எடுப்பவர்களுக்கு இதில் சலுகையே கிடையாது.
4. லைன் சூப்பர்வைசரும் வர வேண்டும்.

டார்கெட் பற்றி அடுத்த முறை. டெய்லரை விரட்டுவதற்கு முன்னால் பண்டல் (வெட்டிய துணிக் கட்டு) எந்த மெஷினில் தேங்குகிறது என்று பார்த்து வையுங்கள்.

வெள்ளி மாலைக்குள் பெயரும் ஆள் எண்ணிக்கையும் போடவும். சாப்பாடு சொல்ல வேண்டும். கட்டைவிரல் எமோஜி மட்டும் போட்டால் கணக்கில் வராது.