ஆல்டோவின் கூரையும் குன்னூர் வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் நூலகம், கலை அரங்கம் என்று பேச்சு எழும்போதெல்லாம் ஏதாவது ஒரு வெளிநாட்டுக் கட்டடத்தின் படம் மேசைக்கு வந்துவிடுகிறது. எங்களைக் கேட்டால் மலையூருக்குப் பாடமாக வைக்கத் தகுந்தது ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் உள்ள நோர்டிக் இல்லம். ஃபின்லாந்தின் அல்வர் ஆல்டோ வடிவமைத்து, 1968இல் திறக்கப்பட்ட பண்பாட்டு நிலையம் அது. ஆனால் அதில் எடுக்க வேண்டியது ஒன்று, விட வேண்டியது இரண்டு.

எடுக்க வேண்டியது அதன் உருவம். வெள்ளைச் சுவரோடு தாழ்வாகப் பரந்த கட்டடம். நூலகத்துக்கு மேலே மட்டும் நீலப் பீங்கான் ஓடு பதித்த கூரை, பின்னால் தெரியும் மலையைப் போலவே ஏறி இறங்கி நிற்கிறது. நம் மலையூர்களில் 7 மீட்டருக்கு மேல் கட்ட விதி இடம் தராது. அந்த உயரத்தை எல்லா அறைக்கும் பங்கு போடாமல் வாசிப்பறைக்கு மட்டும் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

விட வேண்டியதில் முதலாவது, கூரையில் வானத்தைப் பார்த்துப் பதித்த கண்ணாடி. ரெய்க்யவிக்கில் நடுக்கோடையிலும் சூரியன் 49 டிகிரிக்கு மேல் ஏறாது. டிசம்பர் நண்பகலில் 3 டிகிரிகூட இல்லை. அங்கே கூரை வழியாக வரும் வெளிச்சம் வரம். குன்னூரிலோ ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். படுக்கைவாட்டில் கண்ணாடி போட்டால் வெயில் நேராகப் புத்தகத்தின் மேல்தான் விழும். அதனால் கண்ணாடியைச் செங்குத்தாக, வடக்குப் பார்த்து வையுங்கள். 90 செ.மீ. உயரக் கண்ணாடிக்கு 35 செ.மீ. சன்ஷேடு போதும், உச்சிக்கு முன்னும் பின்னும் மும்மூன்று மணி நேரம், ஆண்டு முழுவதும் நேர் வெயில் உள்ளே வராது. அதே கண்ணாடி தெற்குப் பார்த்தால் 85 செ.மீ. நீட்ட வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் அவ்வளவு நீளச் சன்ஷேடு காற்றைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு தொல்லை மழை இல்லாத மாதங்களில் வரும். ஜனவரி இரவில் கண்ணாடி குளிர்ந்துபோகும். பகலெல்லாம் ஆட்கள் இருந்த அறையின் ஈரக்காற்று அதில் பட்டு நீராகிறது. விடிகாலையில் பார்த்தால் கண்ணாடியின் கீழ்விளிம்பில் துளிகள் மணிபோல வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றாக நழுவி அலமாரியின் மேல்தட்டில், புத்தக முதுகில் சொட்டும். 'கூரை ஒழுகுகிறது' என்று தார் பூசுவார்கள். ஒழுகுவது கூரையே இல்லை. கண்ணாடிச் சட்டத்தின் உட்புற அடியில் 4 செ.மீ. அகல அலுமினியக் கால்வாயும், அதிலிருந்து வெளியே போகும் வடிதுளையும் வைத்தால் தீர்ந்தது. வெளிப்பக்கம் கூரையிலிருந்து 15 செ.மீ. உயரத்துக்குச் சிறு விளிம்புத் தடுப்பு எழுப்பி, மழைநீரைத் தடுக்கும் உலோகத் தகட்டை அதன்மேல் மடித்து ஏற்ற வேண்டும். இடுக்கில் பூசும் சிலிக்கோன் பசையை மட்டும் நம்பினால் இரண்டு மழைக்குத் தாங்காது. பாலிகார்பனேட் ஷீட்டும் வேண்டாம். வெயிலில் பழசானபின் குரங்குகள் குதித்தால் விரிசல் விடும்.

இரண்டாவது, நடுவில் பள்ளமாக இறங்கும் தரை. ஆல்டோவின் நூலகங்களில் அந்தப் பள்ளம் அழகு. இங்கே சரிவை வெட்டி அப்படிச் செய்தால் மேட்டிலிருந்து ஊறும் நீர் முதலில் தேடி வருவது அந்தப் பள்ளத்தைத்தான். செய்தே ஆகவேண்டுமென்றால் பின்சுவருக்கு வெளியே 30 செ.மீ. அகலத்துக்குச் சல்லி நிரப்பி, அடியில் துளையிட்ட பைப் போட வேண்டும். அந்த பைப் பள்ளத்தின் தரைமட்டத்துக்கும் கீழே ஓட வேண்டும். பலரும் கட்டடத்தின் பொதுத் தரைமட்டத்தைப் பார்த்துப் போட்டுவிடுகிறார்கள், அப்புறம் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பூஞ்சை ஏறுகிறது. சக்கர நாற்காலிக்கும் வழி வேண்டும்: 45 செ.மீ. பள்ளத்துக்கு 1:12 சரிவில் 5.4 மீட்டர் சாய்தளம். சிறிய வாசிப்பறையில் அதற்கு எங்கே இடம்? எங்கள் கருத்தில் தரையைச் சமமாகவே விட்டுவிடலாம்.

பொதுப்பணத்தில் கட்டும் எந்த நூலகத்துக்கும் ஒப்பந்தப்புள்ளி கோருமுன் ஜூன், டிசம்பர் மாதங்களின் வெயில் கோணம் குறித்த குறுக்குவெட்டுப் படத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கட்டி முடித்ததும், சாவி வாங்குமுன், கண்ணாடிச் சட்டங்களின் மேல் அரைமணி நேரம் ஹோஸில் தண்ணீர் அடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
கட்டட வடிவமைப்பாளர்கள் சிலர்,
குன்னூர்.