நம் பள்ளியின் வரலாற்று மலரைத் தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலர்க் குழுவில் இருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் முன்னாள் மாணவர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

மலர் தயாராகிறது என்று கேள்விப்பட்டதும் மனசு கொள்ளாத சந்தோஷம். அப்புறம் உள்ளடக்கப் பட்டியலைப் பார்த்தேன். கட்டடங்கள், தலைமையாசிரியர்கள், தேர்ச்சி விகிதம் எல்லாம் விரிவாக இருக்கின்றன. விளையாட்டுக்கு ஒதுக்கியிருப்பது இரண்டு பக்கம். அதிலும் முக்கால்வாசி கோப்பைகளின் படம். அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான் இந்த மடல்.

அலுவலக அறைக்கு வெளியே இருக்கும் கண்ணாடி அலமாரியில், மேல் தட்டில் இடது ஓரமாக ஒரு தொடர் ஓட்டக் கோப்பை இருக்கிறது. ஒரு கைப்பிடி ஆடும். அடியில் உள்ள பித்தளைத் தகட்டில் பள்ளியின் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, 4×100 என்று இருக்கிறது. ஓடிய நான்கு பேரின் பெயர் இல்லை. படம் எடுத்துப் போட்டால் மலரிலும் அப்படியேதான் வரும்.

மைதானத்துச் சுவரில் இருக்கும் சாதனைப் பலகையின் கதை இன்னும் வருத்தமானது. முன்பு அதில் 100 கெஜ ஓட்டத்தின் நேரம் எழுதியிருந்தது. பலகைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தவர்கள் ‘கெஜம்’ என்பதை ‘மீட்டர்’ என்று மாற்றினார்கள், நேரத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். 100 கெஜம் என்றால் 91.44 மீட்டர்தான். எட்டரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். அந்த எண்ணைத் துரத்தி நான் மூன்று வருடம் ஓடினேன். எனக்கு முன்னால் ஓடிய ஓர் அண்ணன், எவ்வளவு ஓடியும் பக்கத்தில்கூட வரமுடியவில்லையே என்று ஓட்டத்தையே விட்டுவிட்டார். பழைய விளையாட்டுப் பதிவேட்டை ஒருநாள் புரட்டியபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அதற்குள் அவர் பள்ளியை விட்டே போயிருந்தார்.

ஆகவே எண்ணை அச்சிடும்போது எந்தத் தூரம், யார் எதை வைத்து நேரம் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். துப்பாக்கிப் புகையைப் பார்த்து ஸ்டாப்வாட்சை அமுக்குவதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடும். அதனால் கையால் எடுத்த நேரம் குறைவாகவே வரும். 100 மீட்டருக்கு 0.24 விநாடி கூட்டித்தான் அதை மின்னணு நேரத்தோடு ஒப்பிடுவார்கள். இதைச் சொல்லாமல் அன்றைய பிள்ளையையும் இன்றைய பிள்ளையையும் ஒரே பட்டியலில் நிறுத்துவது இருவருக்கும் அநியாயம்.

ஒரு பள்ளியின் விளையாட்டு வரலாறு எவ்வளவு சொல்ல முடியும் என்பதற்கு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் உள்ள கிறிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளியை நினைத்துக்கொள்கிறேன். கறுப்பின மாணவர்களைத் தனியே பிரித்து வைப்பதற்காக 1927-இல் திறந்த அரசுப் பள்ளி அது. மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் 1942 வரை அதை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம் பெரிய ஆட்டங்களுக்குப் போதாது, அதனால் கூடைப்பந்து அணி பிறர் அரங்கங்களில்தான் ஆடியது. பயிற்சியாளர் ரே குரோ. அணியில் ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற பையன் இருந்தான், பின்னாளில் உலகமே பார்த்த ஆட்டக்காரர். 1955 மார்ச் 19-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் கேரி ரூஸ்வெல்ட் பள்ளியை 97–74 என்று வென்று மாநிலக் கோப்பையை வாங்கினார்கள். அதற்கு முன் இண்டியானாபொலிஸ் நகரத்துப் பள்ளி எதுவும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. அடுத்த ஆண்டு ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் மறுபடியும் வென்றார்கள்.

கோப்பையை மட்டும் எழுதினால் கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் 1955-இல் வென்ற அந்த இரவு என்ன நடந்தது? வென்ற அணிகள் நகரத்தின் நடுச் சதுக்கத்தில் கொண்டாடுவது வழக்கம். அட்டக்ஸ் பிள்ளைகளைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றிச் சதுக்கத்தைச் சுற்றவிட்டு, நிற்கவிடாமல், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் இருந்த ஒரு பூங்காவுக்கு அனுப்பினார்கள். ராபர்ட்சன் அந்தக் கொண்டாட்டத்தில் கொஞ்ச நேரம் மட்டும் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அறுபது வருடம் கழித்து, 2015-இல், நகரத்தின் பெரிய ஊர்வலத்துக்குத் தலைமை தாங்க அந்த அணியை அழைத்தார்கள். அந்த இரவையும் மறைக்காமல் சொல்லிவந்ததால்தான் அந்த 97–74-க்கு இவ்வளவு கனம்.

நம் பள்ளிக் கதையிலும் சொல்லாமல் விட்டது இருக்கிறது. பலகையில் மாணவிகளின் வரிசை பாதியில்தான் தொடங்குகிறது. பார்க்கிறவர்கள் பெண்கள் அப்போதுதான் ஓட வந்தார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் போட்டியே நடத்தவில்லை என்பதுதான் உண்மை. ஒலிம்பிக்கிலேயே 1928-க்குப் பிறகு பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வேண்டாம் என்று நிறுத்தி, 1960-இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். நம் பலகையின் அந்த வெற்றிடத்துக்கும் ஒரு பத்தி வேண்டும். அந்தக் காலத்து மாணவிகள் பலர் இன்றும் இருக்கிறார்கள், ஒரு போன் போட்டால் பேசுவார்கள்.

பதிவேடு எங்கே என்று கேட்பீர்கள். நான் பார்த்தபோது விளையாட்டுப் பொருள் அறையில், கிழிந்த வலைகளுக்கு அடியில் இருந்தது. சில பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. மலருக்கு முன் அதை ஒருவர் உட்கார்ந்து படம் எடுத்துவைத்தால் போதும். ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள்.

கடைசியாக அந்தத் தொடர் ஓட்டக் கோப்பை. பழைய ஆட்களிடம் விசாரித்ததில் முதலில் ஓடியவரும் மூன்றாவதாக ஓடியவரும் யார் என்று தெரிந்துவிட்டது. அந்த இரண்டு பெயரையும் தனியே எழுதி அனுப்பியிருக்கிறேன். இரண்டாவதாகக் கட்டையை வாங்கியவர் யார், கடைசியில் கோட்டைத் தொட்டவர் யார் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், மலர் அச்சுக்குப் போவதற்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
பழைய மாணவன், ஓட்டக்காரன்