மண்டி அண்ணாச்சிக்கும் கை கொடுத்த எல்லாருக்கும்

ஊர் மக்களுக்கும், வெளியூரில் இருந்துகொண்டே நம்மை நினைத்தவர்களுக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் நம்ம கிளை நூலகம் மறுபடியும் திறந்துவிட்டது. ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, புதுப் பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தார்கள். நாள் கடத்தினால் யாரையாவது விட்டுவிடுவேன் என்று எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நடந்ததை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. தாமிரபரணிக் கரையில் இருக்கிற எல்லாருக்கும் அது அவரவர் வீட்டுக் கதை.

தண்ணீர் வடிந்ததும் முழங்கால் சேற்றில் இறங்கி மண்வெட்டி பிடித்த பக்கத்து ஊர்ப் பையன்களே, உங்களில் பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. தன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து கிடந்தபோதும் முதலில் நூலகத்துக்கு ஓடிவந்து, உறுப்பினர் பதிவேட்டையும் நூல் இருப்புப் பதிவேட்டையும் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துப்போன நூலகர் அம்மாவை நாங்கள் மறக்க மாட்டோம். கரண்ட் வராத அந்த நாட்களில், துணி தேய்க்கும் கடை அண்ணன் கரிப்பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, மேலே வெள்ளைத்துணி போட்டு, அந்தப் பதிவேட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாக ஈரம் எடுத்துக் கொடுத்தார். ஊறின புத்தகத்தை வெயிலில் விரித்துக் காயப்போடாதீர்கள், நிழலில் செங்குத்தாக நிற்க வைத்து விசிறி போல் லேசாகப் பிரித்துக் காற்றாட விடுங்கள் என்று போனிலேயே பொறுமையாகச் சொல்லித்தந்த பைண்டிங் ஐயாவுக்கும் நன்றி. அவர் சொன்னபடி செய்ததால்தான் பழைய சாணித்தாள் புத்தகங்கள் பல பிழைத்தன. வழவழப்புத் தாளில் அச்சடித்தவை கல்லாக ஒட்டிப்போய்விட்டன, அவற்றுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. போன வருடத்துப் பாடப்புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்ட எலக்ட்ரீஷியன் தம்பி, மும்பையில் இருந்தும் துபாயில் இருந்தும் பணம் அனுப்பின நம்ம ஊர்க்காரர்கள், எல்லாருக்கும் வாசகர் வட்டத்தின் சார்பில் கை கூப்புகிறேன்.

இனி அண்ணாச்சி.

பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் மண்டி அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். ஊரில் யாருக்கும் அவர் யாரென்று தெரியாமல் போகாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாழைத்தார் ஏலம் போடுகிற அந்தத் தகரக் கொட்டகை அவருடையது. சுற்றுவட்டாரத்து வாழை முழுக்கச் சாய்ந்து அழுகின பிறகு, மண்டிக்கு வரத் தாரும் இல்லை, ஏலமும் இல்லை. விவசாயிகளுக்குக் கொடுத்திருந்த முன்பணம் எப்போது திரும்பும் என்று அவருக்கே தெரியாது.

ஜனவரி கடைசியில் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்தது. ஜூன் 9 தேர்வு. நூலகத்தில் வழக்கமாக உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லை. பூட்டின நூலகத்தின் படிக்கட்டில், தெருவிளக்கு வெளிச்சத்தில் கைடை விரித்து வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்கள். நானும் அந்த வழியாகப் போகும்போது பார்த்திருக்கிறேன், எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். அண்ணாச்சிதான் நின்றார். "கொசுக்கடியில எதுக்கு உக்காந்திருக்கிய? மண்டி சும்மாத்தான் கெடக்கு. வந்து படிங்க பிள்ளைகளா" என்றாராம். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் கொட்டகையைக் கழுவிவிட்டு, வாழைக்கறை துணியில் ஒட்டிவிடும் என்று தரை முழுக்கப் புதுச் சாக்கு விரித்து வைத்திருந்தார். எடை போடுகிற மேடையில் தண்ணீர்ப் பானை. லாரி வந்து நிற்க வேண்டும் என்பதற்காக உச்சியில் தொங்குகிற பல்புகளை, படிக்கிறவர்கள் தலைக்கு மேலே வருகிற மாதிரி கீழே இறக்கி, ஒயர் ஆடாமல் இருக்க வாழைநாரால் இழுத்துக் கட்டியிருந்தார். அந்த முடிச்சு இன்னும் அப்படியே இருக்கிறது.

வாடகை பற்றிப் பேச வாசகர் வட்டத்தில் இருந்து நாங்கள் போனோம். "எனக்கு வரவேண்டியதே வரல, உங்ககிட்ட வாங்கியா நான் மாடி கட்டப் போறேன்? போய் வேலையப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

இடம் கொடுத்தது பெரிய காரியம்தான். ஆனால் என் மனதை அசைத்தது இன்னொன்று. அண்ணாச்சியின் குரலை ஊரே அறியும். ஏலம் கூறினால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களுக்கும் தாரின் விலை தெரிந்துவிடும். பிள்ளைகள் படிக்க வந்த நாளில் இருந்து அவருக்கு போன் வந்தால் எழுந்து கொட்டகைக்கு வெளியே, ரோட்டைத் தாண்டி, எதிர்ச் சாரியில் இருக்கிற பூட்டின கடை வாசலுக்குப் போய்த்தான் பேசுவார். அந்த மாதங்களில் அவருக்கு வந்த போன் எல்லாம் எப்படிப்பட்டவை என்று நமக்குத் தெரியும். கடன் கொடுத்தவர்கள் கேட்டார்கள், விவசாயிகள் அழுதார்கள், வங்கியில் இருந்தும் கூப்பிட்டார்கள். ஒரு நாள் மதியம் உச்சி வெயிலில் செருப்புகூடப் போடாமல் அங்கே நின்று தணிந்த குரலில் யாரிடமோ தவணை கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவருடைய சொந்த மண்டி, சொந்த நாற்காலி, சொந்த ஃபேன் எல்லாம் உள்ளே இருந்தன. "அமைதி காக்கவும்" என்று அங்கே யாரும் போர்டு மாட்டவில்லை. நூலகத்துக்குள் ஒரு நாளும் கால் வைக்காத மனிதர் அவர். படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் சத்தம் போடக் கூடாது என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

அண்ணாச்சி, இதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். அதனால் எழுத்தில் சொல்கிறேன். நாங்கள் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சரி, மண்டியில் நடந்த மற்றதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பத்திரிகை மட்டும் வந்தது. வேலையில்லாமல் இருந்த சுமை தூக்கும் அண்ணன்மார் பழைய பழக்கத்தில் மண்டிக்கு வந்து, பேப்பர் கிடக்கிறதே என்று எடுத்துப் படிக்கத் தொடங்கினார்கள். பிறகு ஒருவர் பயிர்ச் சேத மனுவை எடுத்துக்கொண்டு வந்து, குரூப் 4க்குப் படிக்கிற ஒரு பெண்ணிடம் நீட்டினார். அந்தப் பெண் சிட்டா, அடங்கல் நகல், வங்கிக் கணக்குப் புத்தகம் என்று என்னென்ன சேர்க்க வேண்டும் என்று பார்த்துச் சொல்லி நிரப்பிக் கொடுத்தாள். மறுநாள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். அதற்கப்புறம் மாலை ஐந்து மணி ஆனால் இரண்டு பிள்ளைகள் மனு எழுதுவதற்கென்றே ஒதுங்கி உட்கார்ந்துவிடுவார்கள். காய்ந்து பிழைத்த கதைப் புத்தகங்களைப் பழைய தராசுப் பலகையில் அடுக்கி வைத்தோம். சாயங்காலம் அம்மாமார் கூட வரும் குழந்தைகள் அதைக் கலைத்துப் போட்டுப் படித்தார்கள். செய்தித்தாள் படிக்க வரும் ஓய்வுபெற்ற சார் ஒருவர் கணக்குப் பகுதியைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, கரும்பலகை வாங்குகிற அளவுக்குப் போய்விட்டது.

தேர்வுக்குப் படிக்கிறவர்கள் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள், புத்தகம் எடுக்க ஆளே வருவதில்லை, இது நூலகமா டியூஷன் சென்டரா என்று ஒரு மனக்குறை நம் ஊரில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சென்னையில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் படிப்பதற்கென்றே தனிப்பகுதி இருக்கிறது. பார்வையற்றோருக்கு பிரெயில் பகுதி இருக்கிறது. அடுத்த வருடமே அதை மருத்துவமனையாக மாற்றப் போவதாக அரசு அறிவித்தபோது, வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் தடை வாங்கியதால்தான் அது இன்றைக்கும் நூலகமாக நிற்கிறது. மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்தக் கட்டடங்கள் நமக்குப் பெருமைதான். ஆனால் இரண்டு அறை வீட்டில் ஏழு பேரோடு இருக்கிற நம்ம ஊர்ப் பெண் தினமும் மதுரைக்குப் போய்ப் படிக்க முடியாது. அவளுக்கு வேண்டியது நடந்து போகிற தூரத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, எதற்கு வந்தாய் என்று கேட்காத ஓர் இடம். போனில் எல்லாப் புத்தகமும் கிடைக்கலாம். அந்த இடம் போனில் கிடைக்காது. அதோடு, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கும் காரியம் அங்கேதான் தன்னால் நடக்கிறது. நூலகத்தின் எதிர்காலம் என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த மண்டியில் பார்த்ததைத்தான் காட்டுவேன்.

நூலகம் வளரும் உயிர் என்று விதி எழுதினவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். புத்தகம் பெருகுவதை மட்டும் வைத்து அவர் அதைச் சொல்லவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போனது ஒரு நூலகம். அதற்குக் கட்டடம் இல்லை, வண்டிதான் நூலகம். அதே நம்பிக்கையில்தான் 1948இல் சென்னை மாகாணம் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. நாம் எல்லாரும் சேர்ந்து கட்டுகிற காசில் நடக்கிற இடம் அது. அங்கே இது இல்லை, அது இல்லை என்று கேட்பது யாரிடமும் கையேந்துவது ஆகாது.

அதனால் வாசகர் வட்டத்தில் சிலவற்றை முடிவு செய்திருக்கிறோம். மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு மனு தயாராகிவிட்டது. கீழ்த்தட்டு தரையில் இருந்து இடுப்பு உயரத்துக்கு மேலே இருக்கும்படி ரேக் வேண்டும், அடுத்த வெள்ளத்தில் ஒரு புத்தகமும் நனையக் கூடாது. பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். அது இல்லாமல் பெண்பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து படிக்கிறார்கள், இது நியாயமே இல்லை. மதியம் பூட்டுகிற நேரத்திலும் படிப்பறையையாவது திறந்து வைக்க அனுமதி வேண்டும். ஆள் இல்லை என்றால் நாங்கள் உட்காருகிறோம் என்று மனுவிலேயே எழுதிவிட்டோம். எட்டுப் பேர் முறை வைத்துப் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் மண்டி அண்ணன்மார். மாலை ஐந்து மணி மனு எழுதும் மேசை இனி நூலகத்தின் வராண்டாவில் நடக்கும், தேர்வு முடிந்த பிறகும் நடக்கும். யார் படித்து எந்த வேலைக்குப் போனாலும், ஊருக்கு வரும் நாட்களில் அந்த மேசையில் உட்கார வேண்டும் என்று பிள்ளைகளிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். சந்தோஷமாகவே கொடுத்தார்கள்.

மனுவில் கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நூலகத்துக்கு வாருங்கள். வர முடியாத வயதானவர்கள் சொல்லி அனுப்பினால் வீட்டுக்கே கொண்டுவருகிறோம். உறுப்பினர் அட்டை தண்ணீரில் போனவர்கள் கவலைப்பட வேண்டாம், பதிவேடு பத்திரமாக இருக்கிறது, பெயரைச் சொன்னால் நூலகர் அம்மா புது அட்டை எழுதித் தருவார். அண்ணாச்சிக்கும் ஓர் அட்டை போட்டு வைத்திருக்கிறோம். எண் 1 கொடுக்க முடியவில்லை, வரிசை எண்ணை மாற்ற விதி இல்லையாம். நேற்றுத் திறப்புக்கு அவர் வரவில்லை, ஏரலில் இருந்து முதல் லோடு பேச்சு நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். அட்டையை நானே மண்டிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நன்றியுடன்,
வாசகர் வட்டச் செயலாளர்
கிளை நூலகம்